கெமிஸ்ட்ரி ஈக்குவேஷன் பேலன்ஸ் பண்ண எந்த வழி நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்துவரும்?

ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டு மாசம் ஆனா போதும், மழையோட சேந்து இந்தக் கேள்வியும் வந்துரும். போன வாரம் ரங்கூன் காளி கோயில்ல பூஜை முடிஞ்சு வெளிய வந்து செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கேன், ஒரு அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "தங்கச்சி, எம் மவனுக்கு ஸ்கூல்ல பாத்தே நம்பர் போடுன்றாங்க, டியூசன்ல எக்ஸ் ஒய் போட்டு கணக்கா செய்யின்றாங்க, அவன் அண்ணன் என்னடான்னா போன்ல தட்டினா பதில் வந்துரும்ன்றான், நாங்க எதைத்தான் பிடிச்சுக்கிறது?" இதே கேள்விய இந்த வருசம் மட்டும் நாலஞ்சு பேரு கேட்டாச்சு, சாயங்காலம் வீட்ல பிள்ளைங்களுக்கு கெமிஸ்ட்ரி சொல்லித்தர்ற ஆளுங்கிறதால எங்கிட்டதான் வருது. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். பேலன்ஸ்னா வேற ஒண்ணுமில்ல, அம்புக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அணுவும் ஒரே எண்ணிக்கையில வர்ற மாதிரி ஃபார்முலாவுக்கு முன்னாடி நம்பர் போடுறது.

ஒரு விசயம், ஃபார்முலாவெல்லாம் வாயால வாசிக்கிற மாதிரியே எழுதியிருக்கேன், எச்₂ஓ, சிஓ₂ன்னு. பிள்ளைங்க நோட்ல எப்பவும் போல போட்டுக்கட்டும்.

வழிய தேடுறதுக்கு முன்னாடி, ஃபார்முலா சரியா?

இதை முதல்ல சொல்லாம வேற எதையும் சொல்ல மனசு வரல. "பேலன்ஸ் வரல"ன்னு எங்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல பேலன்ஸ் நல்லாவே வருது, ஃபார்முலாதான் வரல. தண்ணி சுத்தம் பண்ணப் போடுற அலுமினியம் சல்ஃபேட்டையும் சுண்ணாம்பையும் எடுத்துக்குங்க. ஒரு பொண்ணு இப்பிடி எழுதியிருந்தா:

ஏஎல்எஸ்ஓ₄ + சிஏ(ஓஎச்)₂ → ஏஎல்(ஓஎச்)₂ + சிஏஎஸ்ஓ₄

எண்ணிப் பாருங்க, ரெண்டு பக்கமும் எல்லாம் சரியா இருக்கு, ஒரு நம்பர் கூட போட வேண்டியதில்ல. ஆனா முழுசும் தப்பு. அலுமினியத்துக்கு சார்ஜ் மூணு, சல்ஃபேட்டுக்கு ரெண்டு, அப்ப ஃபார்முலா ஏஎல்₂(எஸ்ஓ₄)₃ன்னுதான் வரணும். சரியான ஈக்குவேஷன் இது:

ஏஎல்₂(எஸ்ஓ₄)₃ + 3 சிஏ(ஓஎச்)₂ → 2 ஏஎல்(ஓஎச்)₃ + 3 சிஏஎஸ்ஓ₄

அந்தப் பொண்ணு எழுதின தப்பை கீழ சொல்லப்போற எந்த வழியும் கண்டுபிடிக்காது. எண்ணினாலும் சரின்னுதான் வரும், எக்ஸ் ஒய் போட்டாலும் சரின்னுதான் வரும். அதனால வேலன்சி (ஒரு அணு எத்தனை கை கோக்கும்ங்கிறது), அயான் (சார்ஜ் இருக்கிற அணு, இல்ல அணுக்கூட்டம்) சார்ஜ் இதெல்லாம் மனசுல நிக்காத பிள்ளைக்கு புது வழி தேடி அலையாதீங்க, முதல்ல அதை உக்கார வைங்க.

நம்ம பிள்ளைங்களுக்கு இதுல தனியா ஒரு சுமை இருக்கு. வீட்ல தமிழு, கிளாஸ்ல டீச்சர் விளக்கம் சொல்றது பர்மிய பாசை, ஹைஸ்கூல் கெமிஸ்ட்ரி புக்கு இங்கிலீஷ். இரும்புன்னு வீட்ல கேட்டு, 'தான்'னு கிளாஸ்ல கேட்டு, ஐயர்ன்னு புக்குல படிச்சு, கடைசில எஃப்ஈன்னு எழுதணும். பாவம் குழம்பத்தான் செய்யும். நான் பிள்ளைங்ககிட்ட சொல்றது, எஃப்ஈங்கிறது இங்கிலீசே இல்ல, லத்தீன்ல இரும்புக்கு ஃபெர்ரம், ஈயத்துக்கு பிளம்பம் அதனால பிபி, சோடியத்துக்கு நேட்ரியம் அதனால என்ஏ. 1813, 1814 வாக்குல ஸ்வீடன்ல பெர்சீலியஸ்னு ஒருத்தர் இந்த எழுத்து முறைய கொண்டாந்தப்ப, எல்லா நாட்டுக்காரனுக்கும் பொதுவா இருக்கட்டும்னு லத்தீன் பேர்ல இருந்து எடுத்தாரு. அப்ப வெள்ளக்காரப் பிள்ளைக்கும் எஃப்ஈ புதுசுதான், நமக்கும் புதுசுதான். இதைக் கேட்டதும் சில பிள்ளைங்க மூஞ்சி தெளியும் பாருங்க, அதை நான் பல தடவ பாத்துட்டேன். பர்மிய பாசையில கெமிஸ்ட்ரிக்குப் பேரே தாத்துபேதா, அதுல இருக்கிறது நம்ம தாது, வேதம் ரெண்டும்தான், அதுவும் பாலி வழியா வந்தது. மூணு பாசை தெரிஞ்ச பிள்ளைக்கு நாலாவதா ஒரு எழுத்து முறை பெரிய விசயமில்லன்னு நம்புங்க.

எதை வச்சு எடை போடுறது

ஒவ்வொரு வழியையும் நான் பாக்குறது இதை வச்சுதான். தப்பு பண்ணா எங்க பண்ணோம்னு அந்த வழி காட்டிக்குடுக்குமா? மார்ச் மாசம் மெட்ரிக் ஹால்ல எவ்ளோ நேரம் திங்கும்? பெரிய ஈக்குவேஷன் வந்தா தாங்குமா? பிள்ளைக்கு முன்னாடியே என்ன தெரிஞ்சிருக்கணும்? அப்பறம் யாரும் வாயத் தொறந்து சொல்லாத செலவு ஒண்ணு எல்லா வழிலயும் இருக்கும், அதையும் சேத்து பாக்கணும்.

அடிப்படை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ரியாக்ஷன்ல அணு புதுசா பொறக்காது, காணாமலும் போகாது. 1770கள்ல, 80கள்ல பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியே மூடின பாத்திரத்துக்குள்ள வச்சு எடை போட்டு எடை போட்டு காட்டினது அதைத்தான், பேலன்ஸ்ங்கிற பேரே தராசுதானே.

வழி 1: பாத்தே நம்பர் போடுறது

ஸ்கூல்ல சொல்லித்தர்றது இது. மெட்டல் முதல்ல, அப்பறம் கார்பன் சல்ஃபர் மாதிரி மத்தது, அப்பறம் ஹைட்ரஜன், ஆக்சிஜன் கடைசி. தனியா நிக்கிற ஓ₂ மாதிரி ஒண்ணு இருந்தா அதை எல்லாத்துக்கும் கடைசியா தொடணும், ஏன்னா அதுல நம்பர் மாத்தினா வேற எதுவும் கலையாது.

சிலிண்டர் காஸ்ல இருக்கிற பியூட்டேன் எரியிறது: சி₄எச்₁₀ + ஓ₂ → சிஓ₂ + எச்₂ஓ. கார்பன் நாலு, அதனால 4 சிஓ₂. ஹைட்ரஜன் பத்து, அதனால 5 எச்₂ஓ. இப்ப வலது பக்கம் ஆக்சிஜன் எட்டும் அஞ்சும் பதிமூணு, ஒத்தப்படை. இடது பக்கம் ஓ₂ ஜோடி ஜோடியாத்தான் வரும். இங்கதான் பிள்ளைங்க பேனாவ கடிச்சுக்கிட்டு உக்காந்துரும். ஆறரைன்னு தைரியமா போடச் சொல்லுங்க, போட்டுட்டு எல்லாத்தையும் ரெண்டால பெருக்குனா முடிஞ்சுது:

2 சி₄எச்₁₀ + 13 ஓ₂ → 8 சிஓ₂ + 10 எச்₂ஓ

ஷான் மாநிலத்துல நாம்டு பக்கம் போட்வின் சுரங்கம் இருக்குல்ல (போன்னா வெள்ளி, துவின்னா குழி, வெள்ளி எடுத்த எடம்), அங்க வெள்ளியோட ஈயமும் தாதுவா இருக்கு, அதுல ஈயம் இருக்கிறது சல்ஃபரோட சேந்து பிபிஎஸ்ஸா. அதைக் காத்துல வறுத்தா பிபிஓவும் எஸ்ஓ₂வும் வரும். அதுலயும் இதே கதைதான், ஒன்றரை போட்டு ரெண்டால பெருக்கணும்: 2 பிபிஎஸ் + 3 ஓ₂ → 2 பிபிஓ + 2 எஸ்ஓ₂. இந்த அரை போடுற தந்திரம் ஒண்ணு தெரிஞ்சா பாத்தே போடுற வழி ரொம்ப தூரம் வரும்.

மறைஞ்ச செலவு என்னன்னா, வரலன்னா ஏன் வரலன்னு இந்த வழி சொல்லாது. பிள்ளை ஊகிக்க ஆரம்பிக்கும், ஊகம் பலிக்கலன்னா கீழ இருக்கிற சின்ன நம்பர்லயே கை வைக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேந்து தண்ணி, எச்₂ + ஓ₂ → எச்₂ஓ, ஆக்சிஜன் ஒண்ணு குறையுதேன்னு எச்₂ஓ₂ன்னு எழுதிட்டு பேலன்ஸ் ஆயிருச்சுன்னு காட்டும். எச்₂ஓ₂ தண்ணி இல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக்கடைல புண்ணு கழுவ வாங்குவோமே நொரை நொரையா வருமே அதுல இருக்கிறது. சின்ன நம்பரை மாத்தினா பொருளே மாறிப்போச்சு. இதைத் திட்டி சொல்லாதீங்க, அந்த பாட்டிலக் காட்டி சொல்லுங்க, மறக்காது.

இது யாருக்கு: ஃபார்முலா சுத்தமா எழுதுற, மனக்கணக்கு வேகமா ஓடுற பிள்ளைக்கு. நேரம் ரொம்ப கம்மிதான் எடுக்கும்.

வழி 2: கட்டம் போட்டு எண்ணுறது

எனக்குப் பிடிச்சது இதுதான், மறைக்காம சொல்லிடுறேன். அம்புக்குறிக்குக் கீழ ஒரு கோடு, இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை, ஒவ்வொரு தனிமத்துக்கும் எத்தனை அணுன்னு எழுதணும். ஒவ்வொரு தடவ முன்னாடி நம்பர் போட்டதும் அந்த எண்ணிக்கைய அடிச்சுட்டு பக்கத்துல புதுசு எழுதணும். அழிக்கக்கூடாது, அடிக்கணும், ஏன்னா அடிச்சது தெரிஞ்சாத்தான் பிள்ளை எந்த எடத்துல வழி மாறிச்சுன்னு நீங்களும் பாக்க முடியும், அவனும் பாக்க முடியும்.

குன்யா கடையில (வெத்தலைபாக்குக் கடைதான்) வெத்தலைக்குத் தடவ சுண்ணாம்பு டப்பா தொறந்தே இருக்கும்ல, மேல ஏடு மாதிரி காஞ்சு வெள்ளையா இறுகியிருக்கும். காத்துல இருக்கிற சிஓ₂ அதோட சேந்து கால்சியம் கார்பனேட் ஆகுறதுதான் அது:

சிஏ(ஓஎச்)₂ + சிஓ₂ → சிஏசிஓ₃ + எச்₂ஓ

இதைக் குடுத்தா பாதிப் பிள்ளைங்க எங்கயாவது ஒரு ரெண்டு போட்டே ஆகணும்னு நினைக்குது, ஒண்ணும் போடாம விட்டா வேலை செய்யலன்னு டீச்சர் நினைப்பாங்கன்னு பயம். கட்டம் போட்டா கால்சியம் 1, 1, கார்பன் 1, 1, ஹைட்ரஜன் 2, 2, ஆக்சிஜன் 4, 4ன்னு கண்ணு முன்னாடி நிக்கும், நம்பரே வேணாம்னு அவனுக்கே தெரியும். பிராக்கெட்டுக்கு வெளிய இருக்கிற ரெண்டு உள்ள இருக்கிற ரெண்டையும் பெருக்கும்ங்கிறதும் இங்கதான் பழகும்.

இன்னொண்ணு, சல்ஃபேட்டு ரெண்டு பக்கமும் முழுசா இருந்தா எஸ், ஓன்னு பிரிக்காம எஸ்ஓ₄ன்னு ஒரே வரியா எண்ணலாம், மேல எழுதின அலுமினியம் கணக்கு அப்பிடி எண்ணினா நாலே வரில முடியும். ஆனா ஜாக்கிரதை, செம்பும் கெட்டியான நைட்ரிக் ஆசிட்டும் சேர்றப்ப இது ஏமாத்தும். சியூ + 4 எச்என்ஓ₃ → சியூ(என்ஓ₃)₂ + 2 என்ஓ₂ + 2 எச்₂ஓ, இங்க நைட்ரேட்டுல பாதி நைட்ரேட்டாவே இருக்கு, பாதி உடைஞ்சு என்ஓ₂வா போகுது. உடையிறதை முழுசா எண்ணக்கூடாது.

செலவு: பேப்பரும் நேரமும். ஆக்சிஜன் நாலு எடத்துல இருந்தா ஒவ்வொரு தடவையும் திரும்ப எண்ணணும், அவசரத்துல ஒரு எடத்தை விட்டுட்டா கட்டமே பொய் சொல்லும். அப்பறம் சில டீச்சருங்க கட்டத்தை விடைத்தாள்ல பாத்தா ரஃப் வேலைய ஏன் இங்க போட்டேன்னு கேக்குறாங்க, அதனால ஓரத்துல போட பழக்கிடுங்க.

யாருக்கு: புதுசா ஆரம்பிக்கிற எல்லாருக்கும், அப்பறம் "எனக்கு கெமிஸ்ட்ரியே வராது"ன்னு ஒதுங்கின பிள்ளைக்கு கண்டிப்பா.

வழி 3: அ, ஆ, இ, ஈ போட்டு கணக்கா செய்யிறது

டியூசன்ல எக்ஸ் ஒய்ன்னு சொல்றது இதைத்தான். பர்மிய பாசையில கணக்கு ஈக்குவேஷனுக்கும் கெமிஸ்ட்ரி ஈக்குவேஷனுக்கும் ஒரே வார்த்தைதான், ஞீம்யாஜின், சமமா இருக்கிறதுன்னு அர்த்தம், அதனால கணக்கு நல்லா வர்ற பிள்ளைங்க இதுல சட்டுன்னு ஒட்டிக்கும். ஒவ்வொரு பொருளுக்கு முன்னாடியும் ஒரு எழுத்து:

அ கேஎம்என்ஓ₄ + ஆ எச்சிஎல் → இ கேசிஎல் + ஈ எம்என்சிஎல்₂ + உ எச்₂ஓ + ஊ சிஎல்₂

பொட்டாசியத்தால அ = இ. மாங்கனீசால அ = ஈ. ஆக்சிஜனால உ = 4அ. ஹைட்ரஜனால ஆ = 2உ, அதாவது 8அ. குளோரினால ஆ = இ + 2ஈ + 2ஊ, அப்ப 8அ = 3அ + 2ஊ, ஊ = இரண்டரை அ. அ ரெண்டுன்னு வச்சா எல்லாம் முழு நம்பரா விழுந்துரும்:

2 கேஎம்என்ஓ₄ + 16 எச்சிஎல் → 2 கேசிஎல் + 2 எம்என்சிஎல்₂ + 8 எச்₂ஓ + 5 சிஎல்₂

பதினாறுங்கிற நம்பரை பாத்தே யாரு போடுறது? ஊகமே இல்லாம நேரா வந்து நிக்கும், அதான் இதோட பலம். ஃபார்முலாவ பெரிசா தப்பா எழுதியிருந்தா பதில் எல்லாம் சைபருன்னு வந்து எங்கயோ தப்புன்னு மணியும் அடிக்கும் (எப்பவும் இல்ல, மேல அந்தப் பொண்ணு எழுதினது மாதிரி இருந்தா அடிக்காது).

ஆனா இதோட செலவைப் பத்தி டியூசன்ல யாரும் சொல்றதா தெரியல. பர்மாங்கனேட்டோட (மேல எழுதின கேஎம்என்ஓ₄தான்) ஹைட்ரஜன் பெராக்சைடும் சல்ஃப்யூரிக் ஆசிட்டும் சேர்ற ரியாக்ஷனை இந்த வழில போட்டுப் பாருங்க. சரியான பதில் இது:

2 கேஎம்என்ஓ₄ + 5 எச்₂ஓ₂ + 3 எச்₂எஸ்ஓ₄ → கே₂எஸ்ஓ₄ + 2 எம்என்எஸ்ஓ₄ + 8 எச்₂ஓ + 5 ஓ₂

ஆனா எச்₂ஓ₂க்கு 7, தண்ணிக்கு 10, ஓ₂க்கு 6ன்னு போட்டு எண்ணிப் பாருங்க. ஹைட்ரஜன் இருபது இருபது, ஆக்சிஜன் முப்பத்திநாலு முப்பத்திநாலு, அதுவும் அச்சா சமம்! ஏன்னா பெராக்சைடு தானாவே தண்ணியும் ஆக்சிஜனுமா உடையும், அந்த ரெண்டாவது ரியாக்ஷனை எவ்ளோ வேணா இதுக்குள்ள கலந்துவிட்டாலும் அணு எண்ணிக்கை கெடாது. அ, ஆ போட்ட பிள்ளைக்கு ஒரே பதில் வராது, தான் தப்பு பண்ணிட்டோம்னு நினைச்சு திரும்பத் திரும்ப போட்டு அரை மணி நேரம் போயிரும். நல்லா படிக்கிற ஒரு பையன் இதுல மாட்டி அழுதே போயிட்டான், அவன் மேல ஒரு தப்பும் இல்ல, இந்த வழிக்கு அது தெரியாது அவ்ளோதான்.

யாருக்கு: அல்ஜீப்ரா கைக்கு வந்த பெரிய கிளாஸ் பிள்ளைக்கு, அதுவும் மத்த வழில வராத நீளமான ஈக்குவேஷனுக்கு மட்டும். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இதைத் திணிக்கிறது எனக்கு சம்மதமே இல்ல, அது கணக்கு பண்ணும், ஆனா அணுவப் பாக்காது.

வழி 4: எலக்ட்ரான் கணக்கு

யாரு எலக்ட்ரான் குடுத்தா, யாரு வாங்கினா, குடுத்ததும் வாங்கினதும் சமமா இருக்கணும். இப்பிடி எலக்ட்ரான் கை மாறுற ரியாக்ஷனுக்கு ரெடாக்ஸ்னு பேரு, எவ்ளோ கை மாறிச்சுன்னு பாக்க ஒவ்வொரு அணுவுக்கும் குடுக்கிற +7, +2 மாதிரி நம்பருதான் ஆக்சிடேஷன் நம்பர். மேல சொன்ன பெராக்சைடு குழப்பத்தை தீக்கிறது இதுதான்: மாங்கனீசு +7ல இருந்து +2க்கு வர அஞ்சு எலக்ட்ரான் வாங்குது, ஒரு எச்₂ஓ₂ ஓ₂வா போக ரெண்டு குடுக்குது, அப்ப ரெண்டுக்கு அஞ்சு, வேற பேச்சே இல்ல.

எலக்ட்ரான் கை மாறுற அயான் ஈக்குவேஷனுக்கு இது ரொம்ப கை குடுக்கும். எஃப்ஈ²⁺ + சிஎல்₂ → எஃப்ஈ³⁺ + 2 சிஎல்⁻ன்னு எழுதி அணு எண்ணினா சரியா இருக்கும், சார்ஜ் எண்ணினா இடது பக்கம் +2, வலது பக்கம் +1. சரியானது 2 எஃப்ஈ²⁺ + சிஎல்₂ → 2 எஃப்ஈ³⁺ + 2 சிஎல்⁻, ரெண்டு பக்கமும் +4.

செலவு: ஆக்சிடேஷன் நம்பர் விதி எல்லாம் மனப்பாடம் வேணும், ஆக்சிஜனுக்கு எப்பவும் −2ன்னு படிச்சுட்டு பெராக்சைடுல −1ங்கிறதை மறந்தா மொத்தமும் சரியும். எச்சிஎல் கணக்குல இன்னொரு பள்ளம் இருக்கு, எலக்ட்ரான் கணக்குப்படி 10 எச்சிஎல்தான் வரும், மீதி 6 எலக்ட்ரானே குடுக்காம உப்புக்குள்ள போய் உக்காந்துக்குது, அதை அப்பறமா கூட்டணும். சுண்ணாம்பு, அலுமினியம் சல்ஃபேட் மாதிரி எலக்ட்ரான் கை மாறாத ரியாக்ஷனுக்கு இந்த வழி ஒண்ணுமே செய்யாது.

வழி 5: போன்ல தட்டுறது

சரி பாக்க நல்லது, கத்துக்க ஆகாது. நாம என்ன ஃபார்முலா தட்டுறோமோ அதையே பேலன்ஸ் பண்ணிக் குடுக்கும், ஏஎல்எஸ்ஓ₄ன்னு தட்டினா அதையும் சரின்னே சொல்லிட்டுப் போகும். கரண்டும் நெட்டும் எப்ப இருக்கும்னு நம்ம ஊர்ல யாரு சொல்றது. பரீட்சை ஹாலுக்குள்ள போனு கிடையாது. வீட்டுப்பாடம் முடிச்சப்பறம் ஒரு தடவ ஒத்துப் பாக்க மட்டும் குடுங்க.

பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | பாத்தே போடுறது | கட்டம் | அ, ஆ, இ, ஈ | எலக்ட்ரான் |
|---|---|---|---|---|
| தப்பை காட்டுமா | காட்டாது | நல்லா காட்டும் | ஓரளவு | சார்ஜ் தப்பையும் காட்டும் |
| நேரம் | கம்மி | நடுவுல | அதிகம் | பழகினா நடுவுல |
| பெரிய ஈக்குவேஷன் | கஷ்டம் | முடியும், பொறுமை வேணும் | தாங்கும் | ரெடாக்ஸ்னா இதுதான் |
| முன்னாடி தெரிய வேண்டியது | பெருக்கல் வாய்ப்பாடு | எண்ணத் தெரிஞ்சா போதும் | அல்ஜீப்ரா | ஆக்சிடேஷன் நம்பர் |
| மறைஞ்ச செலவு | சின்ன நம்பர்ல கை வைக்கிற பழக்கம் | பேப்பர், திரும்ப எண்ணுறது | பல பதில் வந்தா மாட்டிக்கும் | எல்லா ரியாக்ஷனுக்கும் ஆகாது |

என்னைக் கேட்டா, முதல் ஒரு மாசம் கட்டம் மட்டும். கட்டம் போடாமலே கண்ணு எண்ண ஆரம்பிச்சதும் அது தானா பாத்தே போடுறதா மாறிரும், நாம சொல்லவே வேணாம். ரெடாக்ஸ் பாடம் வந்ததும் எலக்ட்ரான். அ, ஆ பையில ஒரு ஓரமா இருக்கட்டும், எதுவும் ஓடலன்னா எடுக்க. ரெண்டு பேரு ரெண்டு வழி ஒரே வாரத்துல சொல்லித்தர்றதுதான் இருக்கிறதுலயே மோசம், பிள்ளை ரெண்டையும் பாதிப் பாதி கலந்து புதுசா ஒண்ணு பண்ணும், அதைப் பிரிக்க நமக்கு இன்னொரு மாசம் ஆகும்.

கோயில் அக்காகிட்டயும் இதைத்தான் சொன்னேன். டியூசன் வாத்தியார்கிட்ட மரியாதையா பேசி இந்த மாசம் மட்டும் எக்ஸ் ஒய்ய நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, அவரு கேப்பாரு. பையனை ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் முடிஞ்சதும் கெமிஸ்ட்ரி நோட்டோட அனுப்புங்க, தப்பா போட்டதை எல்லாம் அழிக்காம அப்பிடியே கொண்டாரச் சொல்லுங்கன்னேன், அவன் ஃபார்முலால தடுக்கி விழுறானா எண்ணுறதுல விழுறானான்னு அதைப் பாத்தாத்தான் தெரியும்.